சுண்ணாம்புக் கம்பத்துச் சோப்பு

என் சோப்பில் பன்றிக்கொழுப்பு இருக்கிறது என்று பாய் கடைப் பக்கம் நம்பினார்கள். மாட்டுக்கொழுப்பு இருக்கிறது என்று கோயில் பக்கம் நம்பினார்கள். ஆளுக்கு எது ஆகாதோ அதை அவரவரே உள்ளே போட்டுக்கொண்டார்கள். நான் போட்டதோ தேங்காயெண்ணெய். அதை எடுத்துச் சொன்னால் நம்ப ஒரு நாதியில்லை.

நானும் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லைதான். கடையில் பருப்பு வாங்கினால் மூட்டையின் அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். வழியில் போகிறவன் சிரித்துக்கொண்டே நலம் விசாரித்தால், இவனுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்ட என்னையே ஊர் ஒன்றுகூடிச் சந்தேகப்பட்டதே, அப்போது வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. நான் சந்தேகப்பட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கும். இவர்களுக்கு என்ன வந்தது?

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் குடியிருந்தது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் கீழ்க்கட்டில். பழைய ஆட்கள் அந்தப் பக்கத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள், கம்பம் என்றால் மலாயில் கிராமம். சுண்ணாம்புக் காளவாய்கள் எந்தக் காலத்திலோ போய்விட்டன, பேர் மட்டும் நின்றது. மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். அவர் முன்பு ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, இப்போது வேலை இல்லாமல் நோயில் படுத்திருந்தார். எங்களுக்கு எதிரே பாய் கடை, எண்ணெயும் மளிகையும். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். அக்கா, பாய் இரண்டு பேரையும் நான் நம்பியதில்லை. அக்கா அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசுவார். பாய் அளவுக்கு மீறிச் சிரிப்பார்.

என் வீட்டுக்காரர் சண்டைக்கு முன்பு ஒரு சாமான் கடையில் விற்பனைக்கு நின்றார். சீமைச் சோப்பு அங்கே நீள நீளக் கட்டிகளாகக் கப்பலில் வந்து இறங்கும். கம்பியால் அறுத்து அறுத்து விற்பார்கள். கப்பல் நின்றது, கட்டியும் நின்றது. இருந்த சரக்கை முதலாளி பதுக்கினார், பிறகு அவரையே காணோம். சில மாதத்துக்குள் ஊரே நாற ஆரம்பித்தது. உடுத்தின துணி உடம்பிலேயே மக்கியது. பிள்ளைகளுக்கு விரலிடுக்கில் சொறி, பெரியவர்களுக்கு அக்குளில் சிரங்கு. கால்வாயோரம் துணி வெளுக்கிறவர்கள் கல்லை மட்டும் நம்பி அடித்ததில் துணி கிழிந்ததுதான் மிச்சம். அரிசி இல்லாவிட்டால் மரவள்ளியைத் தின்று காலம் தள்ளலாம், சோப்பு இல்லாவிட்டால் எதைக் கொண்டு சமாளிப்பது என்று அதுவரை யாரும் யோசித்ததே கிடையாது.

ஆனால் எனக்கு அந்த நாளில் சொறியும் சிரங்கும் பெரிய கவலை இல்லை. என் கவலை சயாம். அங்கே ரயில் பாதை போட ஆள் வேண்டும், நல்ல கூலி, வயிறாரச் சோறு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு ஆசையும் காட்டவில்லை. லாரி வந்து நிற்கும், வேலை வெட்டி இல்லாமல் நிற்கிற ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போகும். என் வீட்டுக்காரருக்கு வேலை கிடையாது. அவர் காலையில் தேக்கா சந்தைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்வரை நான் வாசலை விட்டு நகரமாட்டேன்.

அப்போது எங்கள் வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ள ஜப்பான்காரன் ஒரு கிராணியை வைத்திருந்தான். நம்ம ஆள்தான், தமிழன்தான். அதனாலேயே அவனைக் கண்டால் எனக்குக் கூடுதல் பயம். தேவையான பொருள் எதையாவது உள்ளூரிலேயே செய்கிற ஆம்பளைக்கு ஒரு கைப்பட்டை தருவார்கள், சிவப்பு முத்திரை போட்ட துணி, அதைக் கையில் கட்டியிருந்தால் லாரிக்காரன் தொடமாட்டான் என்று அவன் சொல்லிக்கொண்டு போனான். கயிறு திரிக்கிறவன், பல்பொடி இடிக்கிறவன், விளக்குத் திரி முறுக்குகிறவன் எல்லாரும் பட்டை வாங்கினார்கள். எங்களுக்கு எதுவும் தெரியாது. இவருக்குத் தெரிந்தது சோப்பை அறுக்க மட்டும்.

சரி, அறுக்கத் தெரிந்தவருக்கு அதைக் காய்ச்சிக் கொடுப்போம் என்று நான் இறங்கினேன். முதல் நான்கைந்து தடவை வந்தது சோப்பில்லை, என்ன சாமான் என்று எனக்கே தெரியவில்லை. சாம்பல் தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் காய்ச்சினால் கொழகொழவென்று நின்றது, கையில் எடுத்தால் வழிந்தது. பிறகு ஒருநாள் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கோபத்தில் அந்தச் சாம்பல் தண்ணீரில் கொட்டிவிட்டேன். தெளிந்ததும் இறுத்துப் பார்த்தால் விரலைச் சுட்டது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் ஊற்றிக் காய்ச்சியதில் சட்டி திரண்டது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மரவள்ளி மாவு சேர்த்துப் பலகைப் பெட்டியில் ஊற்றினேன். மறுநாள் இவர் கம்பியால் அறுத்தபோது கண்ணில் தண்ணீர் விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வெளியே எவனுக்காவது வாசனை போயிருக்குமோ என்று போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அன்று சாத்தியதுதான், அதற்குப் பிறகு நான் கதவைத் திறக்கவேயில்லை. சுண்ணாம்பு விஷயம் வெளியே தெரிந்தால் எதிர்வீடு காய்ச்சும், பக்கத்து வீடு காய்ச்சும், அப்புறம் இவர் கைப்பட்டைக்கு என்ன மதிப்பு? காரத் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முட்டை வேண்டும். முட்டை மிதந்து தலை காட்டினால் பதம் சரி. முட்டை விற்கிற விலைக்கு எங்கே போவது? மாடி அக்காவிடம் வாத்து முட்டை ஒன்று இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். கொடுத்தார், ஆனால் முட்டையில் கண்மையால் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார், நான் அதைத் தின்றுவிட்டு வேறு சின்னதாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்று. பாருங்கள், என்ன பொம்பளை! அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு கண்.

கிராணி வந்து பார்த்தான், முகர்ந்தான், இவர் பேரில் கைப்பட்டை கொடுத்தான். ஆஸ்பத்திரிக்கு என்று மாதாமாதம் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போனதோ, அவன் வீட்டுக்குப் போனதோ, அதை யார் கண்டது? மீதியைக் கொடுத்து நாங்கள் கிழங்கும் எண்ணெயும் மாற்றிக்கொண்டோம். சில மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. கப்பலில் வந்த சோப்பு மஞ்சள். என் சோப்பு வெள்ளைவெளேர். தேங்காயெண்ணெய்ச் சோப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் உருக்கி உறைந்த கொழுப்பும் வெள்ளைதானே. போதாக்குறைக்குப் பூட்டிய கதவுக்குப் பின்னால் காய்ச்சுகிறேன். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்லுவார்கள். முதலில் பாய் வீட்டிலிருந்து என் சோப்பு வாழையிலையில் சுற்றித் திரும்பி வந்தது. பிறகு துணி வெளுக்கிறவர்கள் வாங்கிப்போனதை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கட்டிகள் அடுக்கு அடுக்காக வீட்டில் தேங்கின.

சத்தியம் பண்ணலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கோயிலில் கற்பூரம் அடித்துச் சொன்னால் நம்ம சனம் நம்பும், கற்பூரமும் கப்பலில் வந்த சாமான்தான், அதுவும் தீர்ந்துபோயிருந்தது. அப்படியே கற்பூரம் கிடைத்தாலும் பாய் வீட்டுக்காரர்களுக்கு அது எப்படி ஆகும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று இவர் பேசாமல் இருந்தார். இவர் எதற்குமே பேசாமல்தான் இருப்பார், அல்லது ஏதாவது கேலி சொல்லுவார்.

அந்த மாதம் கிராணி வந்தான். தேங்கிக் கிடந்த கட்டிகளைக் காலால் தள்ளிப் பார்த்தான். யாரும் வாங்காத பொருள் தேவையான பொருள் ஆகாது என்றான். அடுத்த தடவை வரும்போதும் இப்படியே கிடந்தால் கைப்பட்டையை அவிழ்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு லாரிச் சத்தம் அப்போதே காதில் கேட்டது.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே கிளம்பினேன். யார் இந்தப் பேச்சைத் தொடங்கினது என்று கண்டுபிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு. எனக்குப் பாய் மேல்தான் முதல் சந்தேகம். எண்ணெய் அவரிடம், என் பிழைப்பைக் கெடுத்துவிட்டு அவரே காய்ச்சப் பார்க்கிறார் என்று கணக்குப் போட்டேன். கடையில் போய் நின்று கேட்டே விட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் பொம்பளைகள் சொன்னார்கள், ஹராமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து திருப்பி அனுப்பினோம், மனசுக்குக் கஷ்டம்தான் என்றார். வீட்டுக்குச் சொன்னது யார் என்று கேட்டேன். துணி வெளுக்கிற அம்மா என்றார். கால்வாய்க்குப் போனேன். அந்த அம்மா ஈரக் கையோடு நிமிர்ந்து பார்த்து, உங்க வீட்டு மாடியில துணி எடுக்கப் போனப்ப கேள்விப்பட்டேன் என்றாள்.

அப்பாடா! நான் நினைத்தது சரியாய்ப் போயிற்று. முட்டைக்குப் பொட்டு வைத்தவள் வேறு என்ன செய்வாள்? படியை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்குப் போனேன். அக்கா தன் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து கொட்டினேன். என்ன சொன்னேன் என்று இப்போது எழுதமுடியாது. அவர் கடைசிவரை கேட்டார், பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நான் உங்கட மனுசனிட்டத்தான் கேட்டனான், சவர்க்காரத்துக்கு உங்கட வீட்டுக்காரி என்ன போடுறவ எண்டு. அவர்தான் சொன்னவர், கொழுப்புத்தான், அவளிட்ட அதுதானே நிறைய இருக்கு எண்டு. நான் பகிடியெண்டு நினைக்கேல்லை."

எனக்குக் கொழுப்பு அதிகம் என்று அந்த மனுஷர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதுதான். படியில் எதிரே வந்த அக்காவிடமும் அதையே சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா கேட்டது சோப்பைப் பற்றி, இவர் சொன்னது என்னைப் பற்றி. அக்கா அதை அப்படியே வெளுக்கிற அம்மாவிடம் சொல்ல, மாடு எது, பன்றி எது என்று பாக்கியை ஊர் பார்த்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்தேன். அடப் பாவி மனுஷா, நுணலும் தன் வாயால் கெடும் என்பது உம்மைப் பார்த்துத்தானா, உம்ம கேலி உம்மையே சயாமுக்கு ஏற்றிவிடப் பார்க்கிறதே என்று கத்தினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு விஷயம் விளங்கி முகம் செத்துப்போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மேலே கத்த முடியவில்லை. இந்த ஆள் இல்லாமல் நான் இருக்கமுடியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு நேராகத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார்.

ஒரே வழிதான் இருந்தது, அது எனக்குப் பிடிக்காத வழி. எல்லாரும் பார்க்க அஞ்சடியில் வைத்துக் காய்ச்ச வேண்டும், கடைவீடுகளுக்கு முன்னால் ஓடுகிற அந்த நடைபாதையில். இவர் வேண்டாம் என்றார். சுண்ணாம்பு போடுவதைப் பார்த்துவிட்டால் நாளைக்கே தெரு முழுக்கச் சோப்பு என்றார். எனக்குத் தெரியாதா? ஆனால் மூடிவைத்தால் இந்த மாதமே பட்டை போகும், திறந்தால் அடுத்த மாதம்தான் போகும். எனக்கு அந்த ஒரு மாதம் வேண்டும்.

எண்ணெயை நான் கொண்டுவரவில்லை, பாயே தன் கடைத் தேங்காயைத் தன் கையால் உடைத்துத் தன் வீட்டில் ஆட்டிக் கொண்டுவர வேண்டும் என்றேன். சாம்பலை அக்கா தன் அடுப்பிலிருந்து அள்ளிவர வேண்டும் என்றேன். அப்போதுதான் நான் எதையும் கலந்தேன் என்று நாக்கின் மேல் பல்லைப் போட்டு யாரும் பேசமுடியாது. கொண்டுவந்தார்கள். பாய் வீட்டு அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு தூண் பக்கம் நின்று பார்த்தார். வெளுக்கிற அம்மா பானைக்குள்ளேயே தலையை விட்டாள். நான் சுண்ணாம்பை எடுத்தபோது அத்தனை கண்ணும் என் கையில்தான். போட்டேன். என் தாலியை அவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது. சட்டி திரண்டதும் பாய் அதில் விரலால் தொட்டு முகர்ந்து, அல்லா மன்னிக்கணும், தங்கச்சி, என்றார். தேங்கின கட்டிகள் அன்று பொழுது சாய்வதற்குள் தீர்ந்தன.

இவர் சொன்னபடியே ஆயிற்று. பாய் வீட்டில் ஒரு சட்டி ஏறியது. அக்கா அஞ்சடியில் ஒரு சட்டி வைத்தார். வெளுக்கிறவர்கள் கால்வாயோரம் தகரத்தில் காய்ச்சினார்கள். அதனால் ஊருக்கு நல்லதுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கையில் சொறி காய்ந்தது. வெளுக்கிறவர்களுக்குத் தொழில் திரும்பியது. பாய் புதுசாக ஆட்டிய எண்ணெய்க்கு ஆள் வந்தது, மட்டைக்கும் நாருக்கும் கூட ஆள் வந்தது. தேங்காய், சாம்பல், சுண்ணாம்பு மூன்றும் எங்கள் காலடியிலேயே கிடந்திருக்கின்றன. கப்பலையே பார்த்துக் கண் பூத்துப்போன ஊருக்கு அதைக் குனிந்து பார்க்கத் தோன்றியதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் புகை எழும்போது எனக்கு வயிறு எரிந்தது. எல்லாரும் சேர்ந்து என் வீட்டுக்காரரின் கைப்பட்டையைத்தான் அந்த அடுப்பில் எரிக்கிறார்கள் என்றே நினைத்தேன். பாய் வீட்டு அம்மா பதம் கேட்க வந்தபோதுகூட, இனிமேல் என்னத்தைப் பிடுங்க வந்திருக்கிறாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தேன்.

கிராணி வந்தான். அஞ்சடி நெடுக நடந்து ஒவ்வொரு சட்டியாக எட்டிப் பார்த்தான். எங்கள் வாசலுக்கு வந்ததும் சிரித்தான்.

"இப்பத்தான் எல்லா வீட்லயும் சோப்பு காய்ச்சறாங்களே. இவருக்கு எதுக்கு லா தனியா ஒரு பட்டை?"

சொல்லிக்கொண்டே இவர் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். இவர் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தாயா, திறந்துவைத்தாயே, திறந்துவைத்தாயே என்று என் மனசே என்னை அறைந்தது.

அக்கா தன் சட்டியிலிருந்து நிமிராமலேயே பேசினார்.

"அதை அவிழ்க்காதேங்கோ. அவர் வந்து கை வச்சாத்தான் இது கட்டும். நாங்கள் காய்ச்சிறது, கட்டுறது அவற்ற கையில."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் தன் பிறவியில் ஒருநாள் சோப்புச் சட்டியைக் கிண்டினதில்லை. கிட்டே வந்தாலே நான் விரட்டிவிடுவேன். எதிரே பாய் கடைக்குள்ளிருந்து இறங்கி வந்தார். "கைராசிங்க," என்றார் கிராணியிடம், ரொம்ப அடக்கமாக. அவர் கை படாமல் நாலு தடவை காய்ச்சிப் பார்த்தோம், நாலும் திரிந்துபோயிற்று என்றார். துணி கொடுக்க வந்திருந்த வெளுக்கிற அம்மா, ஆமாம் சாமி, எங்க தகரத்துக்கும் இவருதான் என்று தலையை ஆட்டினாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. முன்கூட்டிப் பேசிவைத்தார்களா, அந்த இடத்திலேயே ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜப்பான்காரனாக இருந்தால் இந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. கிராணி நம்ம ஆள். முதல் போணிக்குக் கைராசிக்காரன் வேண்டும் என்று காத்திருக்கிற சாதி, நாற்று நட, விளக்கேற்ற, பசுவில் முதல் பால் கறக்க, எல்லாவற்றுக்கும் ராசியான கை தேடுகிற சாதி. அவன் விரல் முடிச்சில் அப்படியே நின்றது. ஆனாலும் சும்மா விடவில்லை. எங்கே, கை வைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றான்.

அக்காவின் சட்டி அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது, வெறும் தண்ணீராகக் கிடந்தது. அதை யார் கிண்டினாலும் மத்தியானம்வரை கட்டாது. அக்கா மெதுவாக, முதல்ல பாய் வீட்டுச் சட்டியைப் பாருங்கோ, அது காத்துக்கொண்டு கிடக்கு என்றார். அது விடிந்ததிலிருந்து கொதிக்கிற சட்டி. திரளுகிற நேரம். யார் கிண்டினாலும் திரளும், கிண்டாவிட்டாலும் திரளும். இவர் போனார். அகப்பையைப் பிடிக்கத் தெரியாமல் துடுப்பு போடுகிறவர் மாதிரி பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார், அது பயத்தில். கிராணி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டான். அகப்பை இரண்டு சுற்று வந்தது, சட்டி கூழாகத் திரண்டு அகப்பையோடு எழும்பியது.

கிராணி சட்டிக்குள் குனிந்து பார்த்தான். பிறகு தன் கையாலேயே பட்டையைத் திரும்பக் கட்டினான். போகும்போது, தம்பி, அடுத்த மாசம் எங்க வீட்டுலயும் ஒரு சட்டி வைக்கப் போறோம், வந்து கை வச்சிட்டுப் போங்க என்றான்.

அதற்குப் பிறகு இவர் பாடு பெரும்பாடு. கிராணிக்கு எங்கேயும் கண் இருந்தது, அதனால் தினம் வீடு வீடாகப் போய் அகப்பையைத் தொட்டே ஆகவேண்டும். நாளடைவில் பக்கத்துச் சந்துக்காரர்கள் மெய்யாகவே நம்பி வந்து அழைக்க ஆரம்பித்தார்கள். ஒரு சட்டி திரிந்துபோனால், இன்றைக்கு அவர் வர நேரமாயிற்று, அதனால்தான் என்றார்கள். இவரும் கொஞ்சம் நம்பத் தொடங்கினார் என்றே எனக்குச் சந்தேகம். வீட்டில் என் சட்டிப் பக்கம் வந்து கையை நீட்டினார். எட்டப் போம் என்றேன்.

லாரி ஒரு காலையில் வந்தது. இவர் அப்போது அக்காவின் அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். இரண்டு பேர் இறங்கினார்கள், இவர் கையைப் பிடித்துத் திருப்பி முத்திரையைப் பார்த்தார்கள், விட்டார்கள். சந்து முனைத் தேநீர்க் கடையில் நின்றவர்களை ஏற்றினார்கள். வெளுக்கிற அம்மாவின் தம்பி அதில் இருந்தான், முதல்நாள்தான் வடக்கே ரப்பர்த் தோட்டத்திலிருந்து தன் அக்காளைப் பார்க்க வந்தவன். அவன் திரும்பி வரவேயில்லை. மறுநாளும் அந்த அம்மா தகரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, அண்ணே, வந்து கை வச்சிட்டுப் போங்க என்று என் வாசலில் வந்து அழைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் உள்ளே போய்விட்டேன்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. எதற்காகச் சொன்னார்கள்? நான் அவர்களுக்கு என்ன செய்தேன்? முகம் கொடுத்துப் பேசினதில்லை, ஒரு கட்டிச் சோப்பு இனாமாகக் கொடுத்ததில்லை, அக்காவை அவர் நோயாளிக் கணவர் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். ஏதோ ஒன்றை மனசில் வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார்கள், ஒருநாள் வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பாய் கடைக்குப் போனால் இன்றைக்குக் கேட்பார் என்று நினைப்பேன். அவர் வழக்கம்போல் சிரித்து எண்ணெயை அளந்து ஊற்றுவார். மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டால் இதோ வந்துவிட்டது என்று படியேறுவேன். போனால், கஞ்சிக்கு உப்பு இருக்கிறதா என்று கேட்பார். ஜப்பான்காரன் போகிறவரை காத்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு அக்கா யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனார். கணவர் இறந்துவிட்டார், இங்கே அவருக்கு யாரும் இல்லை. துறைமுகத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வழியனுப்பப் போனோம். கப்பலைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது பொறுக்கவில்லை. இனிமேல் கேட்காவிட்டால் எப்போது கேட்பது? இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கிராணிகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அயலுக்குச் செய்யிறதை ஏன் எண்டு கேக்கிற ஆள் நீங்கள் ஒராள்தான்," என்றார்.

அவ்வளவுதான். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன். இவர் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார், ஒன்றுமில்லை, நடங்க என்றேன்.